டெல்லியில் ஐந்து இரவுகள்: முதியவர்களோடு செல்லும் ஆறு பேர் எந்தப் பகுதியில் அறை எடுப்பது நல்லது?

குடியாத்தம் பயணி:

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு டெல்லிக்குச் செல்ல முடிவு செய்து, காட்பாடியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் எடுத்துவிட்டோம். திரும்பி வருவது விமானத்தில். நான், என் மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன், என் அம்மா, என் மாமனார் என ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் இருக்கிறது. சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார், படி ஏறுவதுதான் சிரமம். மாமனார் நன்றாக நடப்பார் என்றாலும் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார் என்பதால் அறையோடு சேர்ந்த கழிவறை கட்டாயம் வேண்டும்.

அம்மா, மனைவி, மகள் மூவரும் ஓர் அறையிலும், மாமனார், நான், மகன் மூவரும் மற்றோர் அறையிலும் தங்குவதாகத் திட்டம். அறை ஒன்றுக்கு நாளுக்கு 2500 ரூபாய் வீதம் ஐந்து இரவுகளுக்கு 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். நல்ல காரணம் இருந்தால் இன்னும் இரண்டாயிரம் மூவாயிரம் கூட்டிக்கொள்ளலாம்.

இணையத்தில் தேடியவரை மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, புது டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் பஹார்கஞ்ச். அங்கே 1200 ரூபாய்க்குக்கூட அறை காட்டுகிறது. இன்னொன்று கரோல் பாக். மூன்றாவது, விமான நிலையத்தை ஒட்டிய மஹிபால்பூர். அங்கே 1800 ரூபாய்க்கே பெரிய, புதிய அறைகளாகப் படத்தில் தெரிகின்றன. என் மனைவிக்கு அந்தப் படங்கள் பிடித்துவிட்டன. மாமனாரோ, பகலெல்லாம் ஊர் சுற்றப் போகிறோம், இராத்திரி தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதானே, இருப்பதிலேயே மலிவாகப் பாருங்கள் என்கிறார்.

செங்கோட்டை, இந்தியா கேட், குதுப் மினார், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் ஆகியவற்றைப் பார்ப்பதோடு ஒரு நாள் ஆக்ராவுக்கும் போய்வர வேண்டும். அம்மாவை அதிகம் அலைக்கழிக்காமல் இவற்றையெல்லாம் பார்க்க எந்தப் பகுதி பொருத்தம் என்பதையும், பதிவு செய்வதற்கு முன் விடுதியில் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


காந்தி ரோடு விடுதிக்காரர்:

நான் வேலூரில் காந்தி ரோட்டை ஒட்டி விடுதி நடத்துகிறேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று பல ஊர்களிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். மொழி தெரியாத ஊரில், கூடவே நடக்க முடியாத ஒருவரையும் வைத்துக்கொண்டு அறை தேடுபவர்கள் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்க மறக்கிறார்கள் என்பதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் அறை வாடகை மருத்துவமனை வாசலுக்கு எத்தனை நிமிட நடை என்பதைப் பொறுத்தே ஏறி இறங்கும். இருநூறு ரூபாய் குறைகிறது என்று பாலாற்றுக்கு அந்தப் பக்கம் அறை எடுப்பவர்கள், காலையில் இரத்தப் பரிசோதனைக்கு ஒரு ஆட்டோ, மதியம் சாப்பிட ஒரு ஆட்டோ, மாலையில் ரிப்போர்ட் வாங்க ஒரு ஆட்டோ என்று அந்த இருநூறைப் போல இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் பெட்டியோடு எங்கள் தெருவுக்கே வந்துவிடுவார்கள். டெல்லிக்கும் கணக்கு இதுதான். அறை வாடகையை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். வாடகையோடு அன்றாடம் போய்வரும் செலவையும் கூட்டி, அந்தத் தொகைகளை ஒப்பிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் நீங்கள் ஆறு பேர். சாதாரணக் காரில் நான்கு பேருக்கு மேல் ஏற முடியாது. எனவே காலையும் மாலையும் இரண்டு கார் பிடிக்க வேண்டும், அல்லது பெரிய வண்டியாகப் பார்க்க வேண்டும். மஹிபால்பூரில் இரண்டு அறைகளுக்கும் சேர்த்து நாளுக்கு 1400 ரூபாய் மிச்சம் என்று காகிதத்தில் தெரிகிறது. ஆனால் அந்தப் பகுதி நெடுஞ்சாலையோரம் இருக்கிறது, மெட்ரோ நிலையம் நடக்கும் தொலைவில் இல்லை, நீங்கள் சொன்ன இடங்களில் குதுப் மினாரைத் தவிர மற்றவை எல்லாம் தள்ளியே இருக்கின்றன. அந்த 1400 ரூபாய் மாலைக்குள் கரைந்துவிடும். விமானத்தில் வந்து ஓர் இரவு தங்கிவிட்டுப் புறப்படுபவர்களுக்குத்தான் அந்த இடம் பொருந்தும்.

அடுத்தது, நீங்கள் பார்த்த விலை எத்தனை பேருக்கு என்று கவனியுங்கள். பதிவுத் தளங்களில் காட்டும் வாடகை பெரும்பாலும் இருவருக்கானது. ஓர் அறைக்கு மூவர் என்று ஆள் எண்ணிக்கையைத் திருத்திப் போட்டால் அதே அறையின் விலை மாறும். சில விடுதிகள் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். மூன்றாமவருக்குக் கூடுதல் படுக்கை தருகிறோம் என்பார்கள். அது கட்டிலா, தரையில் விரிக்கும் மெத்தையா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். டிசம்பர் கடைசியில் டெல்லித் தரையில் உங்கள் மாமனாரையோ அம்மாவையோ படுக்க வைக்க முடியாது. மூன்று கட்டில் போட்ட அறை என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். வரி சேர்த்த விலையா என்பதையும் பாருங்கள்; 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. இன்னும் பழையபடி 12 விழுக்காடு என்று யாராவது போட்டால் கேள்வி கேட்கலாம்.

நம் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் முதலில் கேட்பது ஏசி இருக்கிறதா என்பதைத்தான். வேலூர் வெயில் அப்படிப் பழக்கிவிட்டது. நீங்கள் போகும் மாதத்தில் டெல்லியில் அதனால் ஒரு பயனும் இல்லை. வெந்நீர் நாள் முழுவதும் வருமா, காலையில் மட்டுமா, ஒவ்வோர் ஆளுக்கும் ரஜாய் எனப்படும் கனத்த பஞ்சுப் போர்வை தனித்தனியாகத் தருவார்களா, ஹீட்டர் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணமா என்பவைதான் உங்கள் கேள்விகளாக இருக்க வேண்டும்.

ஜன்னல் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பஹார்கஞ்சிலும் கரோல் பாக்கிலும் குறைந்த வாடகை அறைகள் பலவற்றில் ஜன்னலே இருக்காது. இருந்தாலும் திரையை விலக்கினால் பக்கத்துச் சுவர்தான் தெரியும். இது வெளிச்சத்துக்காக மட்டும் சொல்வதன்று. 2019 பிப்ரவரியில் கரோல் பாக்கில் ஒரு விடுதியில் விடியற்காலையில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்ததிலிருந்து எந்த ஊரில் தங்கினாலும், பெட்டியை வைத்த கையோடு மாடிப்படி எத்தனை இருக்கிறது, இரண்டாவது படிக்கட்டின் கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருவேன். விடுதிக்காரனான எனக்கே இது தேவைப்படும்போது உங்களுக்கும் தேவைதான்.

பகுதி என்று கேட்டால் நான் கரோல் பாக் என்பேன். மெட்ரோ நிலையத்துக்கு அருகிலேயே விடுதிகள் உள்ளன, சைவ உணவுக்கும் இட்லி தோசைக்கும் அலைய வேண்டியதில்லை, மூவர் அறை உங்கள் தொகைக்குள் கிடைக்கும்.


வாலாஜா ஓய்வூதியர்:

மத்திய அரசு அலுவலகத்தில் பணியாற்றி, டெல்லி ஆர்.கே. புரத்தில் பல ஆண்டுகள் குடியிருந்து, இப்போது வாலாஜாவில் ஓய்வாக இருப்பவன் நான். விடுதிக்கார ஐயா சொன்ன கணக்கு முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன், கடைசிப் பத்தியைத் தவிர.

கரோல் பாக் மெட்ரோவின் நீல வழித்தடத்தில் இருக்கிறது. அங்கே ஏறினால் ஜண்டேவாலான், ராமகிருஷ்ணா ஆசிரம் மார்க், அடுத்து ராஜீவ் சௌக் என்று மூன்றாவது நிறுத்தத்திலேயே நகர மையக் கடைவீதியான கன்னாட் பிளேஸ் வந்துவிடும் என்பது உண்மைதான். அக்‌ஷர்தாமுக்கும் இறங்காமல் நேராகப் போகலாம். ஆனால் குதுப் மினாருக்குப் போக ராஜீவ் சௌக்கில் இறங்கி மஞ்சள் வழித்தடத்துக்கு மாறவேண்டும். காலை, மாலை அலுவலக நேரத்தில் அந்த நிலையத்தைப் பார்த்தவர்கள் முழங்கால் வலி உள்ள ஒருவரை அங்கே மாறச் சொல்ல மாட்டார்கள். செங்கோட்டை, தாமரைக் கோயில் இரண்டுக்கும் மண்டி ஹவுஸில் மாறவேண்டும். அதாவது உங்கள் பட்டியலில் பெரும்பாலான இடங்களுக்குக் கரோல் பாக்கிலிருந்து ஒரு மாற்றம் இருக்கும். திரும்பும்போது, எல்லோரும் களைத்திருக்கும் வேளையில், இன்னொரு மாற்றம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பகுதியை விடுத்து வழித்தடத்தை முதலில் தேர்ந்தெடுப்பேன். நீங்கள் பார்க்க விரும்பும் இடங்களை மெட்ரோ வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். செங்கோட்டைக்கு லால் கிலா, ஜும்மா மசூதிக்கு அதே பெயரிலான நிலையம், இந்தியா கேட்டுக்கும் கர்த்தவ்ய பாதைக்கும் மத்தியச் செயலகம், ஹுமாயூன் கல்லறைக்கு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம், தாமரைக் கோயிலுக்குக் கால்காஜி மந்திர் ஆகிய இத்தனை நிலையங்களும் ஒரே ஊதா வழித்தடத்தில் இருக்கின்றன. இந்த வழித்தடத்தின் நடுவில் இருப்பது லாஜ்பத் நகர். அங்கே அறை எடுத்தால், வடக்கே ஏறினால் செங்கோட்டை, தெற்கே ஏறினால் தாமரைக் கோயில், எங்கும் மாற வேண்டியதில்லை.

லாஜ்பத் நகரில் இளஞ்சிவப்பு வழித்தடமும் சந்திக்கிறது. அதில் மூன்றாவது நிறுத்தம் ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கானது. ஆக்ராவுக்குக் காலை எட்டு மணியை ஒட்டிப் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வெள்ளிக்கிழமை தாஜ் மகாலுக்கு விடுமுறை, அந்த ரயிலும் அன்று ஓடாது. இளஞ்சிவப்பிலேயே எதிர்த் திசையில் ஐ.என்.ஏ. போய் மஞ்சளுக்கு மாறினால் குதுப் மினார். அந்த மாற்றம் ராஜீவ் சௌக்கைப் போல நெரிசலானதன்று. அக்‌ஷர்தாமுக்கு மட்டும் மண்டி ஹவுஸில் மாறவேண்டும்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் உயர்த்திய பிறகும் டெல்லி மெட்ரோவில் குறைந்தபட்சம் 11 ரூபாய், அதிகபட்சம் 64 ரூபாய். விமான நிலைய விரைவு வழித்தடத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். ஆறு பேர் எங்கே போய் வந்தாலும் இரண்டு கார்களுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட முடியாத தொகை இது. நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. ஆனால் எல்லா வாயிலிலும் இருக்காது. விடுதி எந்த வாயிலுக்கு அருகில், மின்தூக்கி எந்த வாயிலில் என்ற இரண்டையும் பார்த்துக்கொண்டால் அம்மாவுக்குப் படியே இல்லாமல் செய்துவிடலாம்.

பஹார்கஞ்சைப் பற்றியும் ஒரு சொல். ரயிலிலிருந்து இறங்கியதும் விடுதி என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மெயின் பஜாரில் நள்ளிரவுவரை இரைச்சல், தெரு முழுக்க கைவண்டியும் ஈ-ரிக்‌ஷாவும். இளைஞர்கள் இரண்டு பேர் முதுகுப்பையோடு போனால் அதுவே கொண்டாட்டமாக இருக்கும். உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.


குடியாத்தம் பயணி:

இரண்டு ஐயாக்களுக்கும் மிக்க நன்றி. வழித்தடத்தை வைத்து யோசிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவியும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மஹிபால்பூரைக் கைவிட்டுவிட்டார். லாஜ்பத் நகரில் மூவர் அறை என்று போட்டுத் தேடினால் 2700 முதல் 3200 வரை காட்டுகிறது. கூடும் தொகையை ஏற்றுக்கொள்ள நான் தயார். மாமனாரைத்தான் சமாதானப்படுத்த வேண்டும்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். தமிழ்நாடு இல்லத்திலோ, ஆர்.கே. புரத்தில் தமிழர்கள் வசிக்கும் பகுதியிலோ தங்க முயலலாமா? இரண்டு அறைகளுக்குப் பதிலாக, சமையலறையோடு கூடிய வீடாக எடுத்தால் அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க வசதியாக இருக்குமா?


வாலாஜா ஓய்வூதியர்:

தமிழ்நாடு இல்லம் அரசின் விருந்தினர் இல்லம். அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், அலுவல் நிமித்தம் வரும் அதிகாரிகள் ஆகியோருக்கே முதலிடம். குடும்பச் சுற்றுலாவுக்கு அதை நம்பித் திட்டம் போடுவது, காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டை நம்பிக் கல்யாணத்துக்குப் புறப்படுவது போல.

ஆர்.கே. புரத்தில் 1946-இல் தொடங்கப்பட்ட டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மலை மந்திர் எனப்படும் உத்தர சுவாமிமலை முருகன் கோயில் இருக்கிறது, ஒரு மாலைப் பொழுதை அங்கே செலவிட்டால் அம்மா மகிழ்வார். ஆனால் அது அரசுக் குடியிருப்புப் பகுதி, உங்கள் தொகைக்கு விடுதிகள் எளிதில் அமையா. தமிழ்ச் சாப்பாட்டுக்காக அங்கே தங்க வேண்டும் என்பதும் இல்லை. கன்னாட் பிளேஸ் ஜன்பத்தில் சரவண பவன் இருக்கிறது. இந்தியா கேட் பக்கம் போகும் நாளில் அசோகா சாலை ஆந்திர பவன் உணவகத்தில் மதியச் சாப்பாடு சாப்பிடலாம். காலைக்கும் இரவுக்கும் லாஜ்பத் நகரிலேயே தோசைக்கடைகள் உண்டு.


ஆம்பூர்க்காரி:

வீடாக எடுப்பது குறித்து நான் சொல்கிறேன். என் கணவர் தோல் காலணித் தொழிலில் இருப்பதால் டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் அடிக்கடி போவார். ஒருமுறை மாமியாரோடும் பிள்ளைகளோடும் நானும் சேர்ந்துகொண்டு, நொய்டாவில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்தோம். வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். கூடம், இரண்டு படுக்கையறை, எரிவாயு அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாமே இருந்தன. ஆனால் வெளியே போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் வாயிற்காவலரிடம் பெயரெழுதி, வீட்டுக்காரரிடமிருந்து அனுமதி வரும்வரை பனியில் நிற்க வேண்டியிருந்தது. மாமியார் நின்றுகொண்டிருந்தார், நாற்காலி இல்லை. முதல் நாள் பால், அரிசி, உப்பு, எண்ணெய் என்று வாங்கி வைத்ததில் பாதியை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

பத்துப் பதினைந்து நாள் தங்குபவர்களுக்கும், சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் வீடு நல்லது. நம் வேலூரிலும் அதற்காகத்தானே சமையல் வசதியோடு அறைகள் விடுகிறார்கள். காலையில் கிளம்பி இரவில் திரும்பும் ஐந்து நாள் பயணத்துக்குச் சமையலறை ஒரு சுமை. அம்மாவுக்குக் கஞ்சி வேண்டும் என்றால் ஒரு சிறிய மின் கெட்டிலும் பொடித்த அரிசி நொய்யும் எடுத்துக்கொண்டு போங்கள். விடுதி அறையிலேயே சமாளிக்கலாம், ஆனால் கெட்டில் பயன்படுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்கள் பார்க்க வேண்டிய சிலவற்றை ஆண்கள் கேட்பதே இல்லை என்பதால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி உள்ளவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால் மட்டும் போதாது. பழைய கட்டடங்களில் குளியலறைத் தரையை அரை அடி உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வாசலிலேயே அந்தப் படி இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்காது. இரவில் தூக்கக் கலக்கத்தில் தடுக்கி விழ அது போதும். மின்தூக்கியையும் நம்பிவிடாதீர்கள். நாங்கள் வேறொரு சமயம் தங்கிய விடுதியில் மின்தூக்கி இருந்தது உண்மை. ஆனால் அது வரவேற்பறை இருந்த முதல் மாடியிலிருந்துதான் தொடங்கியது. தெருவிலிருந்து வரவேற்பறைக்குக் குறுகலான, செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். படத்தில் மின்தூக்கியின் பளபளக்கும் கதவை மட்டும் காட்டியிருந்தார்கள்.

இரண்டு அறைகளும் ஒரே மாடியில், அடுத்தடுத்து வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். நேரில் போய்க் கேட்டால், ஒன்று இரண்டாம் மாடியிலும் மற்றொன்று நான்காம் மாடியிலும் கிடைக்கும்.


காட்பாடி ஜங்ஷன்:

விடுதியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சேரும் நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். டிசம்பர் கடைசியில் வட மாநிலங்களில் பனிமூட்டம் காரணமாக ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாவது வழக்கம். பகலில் சேர வேண்டிய வண்டி நள்ளிரவில் போய் நின்றால் மெட்ரோ இருக்காது. விடுதியிலும் நீங்கள் வரவில்லை என்று அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடக்கூடும். எனவே ரயில் எண்ணைச் சொல்லி, எவ்வளவு நேரமானாலும் வருவோம் என்று முன்கூட்டியே செய்தி அனுப்பிவையுங்கள். வழியில் தாமதம் தெரிந்ததும் ஒருமுறை தொலைபேசியிலும் பேசிவிடுங்கள்.

புது டெல்லி நிலையத்தில் இறங்கியதும் யாராவது வந்து, உங்கள் விடுதி இருக்கும் பகுதியில் கலவரம், சாலையை மூடிவிட்டார்கள், அந்த விடுதியே இப்போது இல்லை, வேறிடம் காட்டுகிறேன் என்றெல்லாம் சொன்னால் நின்று பதில் சொல்லாதீர்கள். மெட்ரோவுக்குப் போக வேண்டுமானால் அஜ்மேரி கேட் பக்கம் வெளியே வர வேண்டும். பஹார்கஞ்ச் பக்கம் அன்று. பெட்டிகளோடும் முதியவர்களோடும் முதல் நாள் மட்டும் வண்டி பிடித்துவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். உங்கள் ரயில் நிஜாமுதீனில் நிற்கிறதா என்று கால அட்டவணையில் பாருங்கள். நின்றால் அங்கேயே இறங்கிவிடலாம். லாஜ்பத் நகருக்கு அதுதான் பக்கம்.


காந்தி ரோடு விடுதிக்காரர்:

வாலாஜா ஐயாவின் வழித்தட யோசனைக்கு நான் கட்டுப்படுகிறேன். அதோடு, லாஜ்பத் நகரைப் பற்றி எங்களிடம் தங்கும் வாடிக்கையாளர்கள் சிலரும் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் வெளிநாட்டவர்கள், குறிப்பாக ஆப்கானியர்கள், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அத்தகைய பகுதியில் உள்ள விடுதிகளுக்கு முதியவர்களையும் சக்கர நாற்காலியையும் கையாளும் பழக்கம் இருக்கும், மூன்று நான்கு பேர் ஓர் அறையில் தங்குவதும் புதிதாக இருக்காது. உங்களுக்கு அது நல்லதே.

இனி, பதிவு செய்வதைப் பற்றி. தளத்தில் மூன்று நான்கு விடுதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்காமல், அண்மைய தேதிப்படி வரிசைப்படுத்தி, அதிலும் போன டிசம்பர், ஜனவரியில் தங்கியவர்கள் எழுதியதைத் தேடிப் பிடியுங்கள். ஏப்ரலில் தங்கியவர் வெந்நீரைப் பற்றி எழுதப் போவதில்லை. பிறகு விடுதிக்கே நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். தெருவில் நின்று தொடங்கி, வாசல், வரவேற்பறை, மின்தூக்கி, அறை, குளியலறை, ஜன்னல் என்று நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எங்களிடம் கேட்பவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம். அதற்கு மறுப்பவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆம்பூர் அம்மா சொன்ன படிக்கட்டும், குளியலறைப் படியும் அந்தக் காணொளியில் ஒளியாது.

நேரடியாகப் பேசும்போது தளத்தைவிடக் குறைத்துத் தருகிறோம், முழுப் பணத்தையும் முன்னதாக அனுப்பிவிடுங்கள் என்பார்கள். தரகுத் தொகை மிச்சமாவதால் குறைப்பது நியாயமானதே, நாங்களும் செய்வோம். ஆனால் முழுத் தொகையை அனுப்பாதீர்கள். ஓர் இரவு வாடகையை மட்டும் அனுப்பி, மூன்று கட்டில், ஒரே மாடி, வரி உட்பட இவ்வளவு, எந்தத் தேதிவரை ரத்து செய்யலாம் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒத்துவராவிட்டால், இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு தளத்திலேயே பதிவு செய்துவிடுவது பாதுகாப்பு.

நம் ஊரில் பல விடுதிகளில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. மாலை ஆறுக்கு வந்தால் மறுநாள் மாலை ஆறுவரை ஒரு நாள். அங்கே பெரும்பாலும் நண்பகலில் நாள் மாறும். ஆக, கடைசி நாள் விமானம் இரவில் என்றால் காலி செய்த பிறகு பெட்டிகளை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் நகல் கொடுப்பதானால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி அச்செடுத்துப் போங்கள். அசல் அட்டையை வரவேற்பறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.


குடியாத்தம் பயணி:

லாஜ்பத் நகரில் மூன்று விடுதிகளோடு பேசிவிட்டேன். ஒன்றில் காணொளி அனுப்ப முடியாது என்றார்கள். இன்னொன்றில் அனுப்பினார்கள், தெருவிலிருந்து ஐந்து படி ஏறித்தான் மின்தூக்கி. மூன்றாவது, மெட்ரோ வாயிலிலிருந்து சற்றுத் தள்ளி உட்புறத் தெருவில் இருக்கிறது. வாசலில் சரிவு மேடை, தரைத்தளத்திலிருந்தே மின்தூக்கி, மூன்று தனிக் கட்டில், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். வரி உட்பட அறைக்கு 2900. இரண்டும் ஒரே மாடியில் தருவதாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஓர் இரவு வாடகையை அனுப்பிவிட்டேன். கூடுதலாகும் 4000 ரூபாயை, நான்கு நாள் கார்ச் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு மாமனாரே சரி என்றுவிட்டார்.

கடைசியாக ஒன்று. எங்கள் விமானம் மாலை ஏழு மணிக்கு. லாஜ்பத் நகரிலிருந்து விமான நிலையத்துக்கும் மெட்ரோவிலேயே போகலாமா?


வாலாஜா ஓய்வூதியர்:

டிக்கெட்டில் எந்த முனையம் என்று பாருங்கள். முதல் முனையம் என்றால் ஊதாவில் கால்காஜி மந்திர் வரை போய், அங்கே மெஜந்தா வழித்தடத்துக்கு மாறி நேராக இறங்கலாம். மூன்றாம் முனையம் என்றால் இளஞ்சிவப்பில் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ் போய், நீண்ட நடைமேம்பாலம் வழியாகத் தௌலா குவானுக்குக் கடந்து விரைவு வழித்தடத்தைப் பிடிக்க வேண்டும். நகரும் நடைபாதை இருக்கிறது என்றாலும் பெட்டிகளோடு அம்மாவுக்கு அது வேண்டாம். அன்றைக்கு மட்டும் பெரிய வண்டி ஒன்றை விடுதியிலேயே சொல்லிவையுங்கள். மாலை நேர நெரிசலில் சிக்காமல் இருக்க மூன்று மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள்.